தாச்சியில் ஒரு பிடி வெங்காயம்

இதை எழுதுவதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் சாதாரண தரப் பரீட்சை வரைதான் படித்தவள். அதிலும் கணக்கில் சித்தி இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்துக்கு லீவுக் கடிதம் எழுதியதுதான் நான் இதுவரை எழுதியவற்றில் பெரியது. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் எழுத உட்காருவதும், உட்கார்ந்து ஒரு நாயைப் பற்றி எழுதுவதும், எங்கள் ஆட்களுக்குப் பொருத்தமாகப் படாது என்று எனக்குத் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் புத்தளத்தில் பிளாஸ்டிக் சாமான் கடையொன்றில் வாளி வாங்கப் போனேன். அங்கே நீல நிறத்தில் ஒரு தட்டு இருந்தது. உள்ளே சமமாக இல்லை. மேடும் பள்ளமுமாக, நடுவில் பூப்போல ஒரு குமிழோடு இருந்தது. ஏதோ பலகாரம் செய்கிற அச்சு என்று நினைத்து விலை கேட்டேன். கடையில் நின்றவர் சிரித்துவிட்டார்.

"அது நாய்க்குச் சோறு போடுறது ராத்தா. அவசரமாத் தின்னுற நாய்க்கு. இதுல போட்டா மெதுவாத் தின்னும்."

தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். வாங்கவில்லை. எங்கள் நாய் மௌத்தாகி மூன்று மாரி போய்விட்டது. வயது போய்த்தான் போனது, நோய் நொடி இல்லாமல். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஏன் கதைக்காமல் இருக்கிறாய் என்று கணவர் கேட்டார். வாளி நல்ல வாளியா என்று யோசிக்கிறேன் என்றேன். வீட்டுக்கு வந்து மகளின் பழைய கொப்பியொன்றை எடுத்து, மிஞ்சியிருந்த தாள்களில் இதை எழுதத் தொடங்கினேன்.

அந்தக் காலத்தில் நாங்கள் கற்பிட்டிப் பக்கம் ஒரு ஹாஜியாரின் வெங்காயத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இப்போது அங்கே வெங்காயம் இல்லை. பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் ஓடும் வெள்ளைக்காரர்கள் தங்குவதற்குக் கொட்டில்கள் போட்டிருக்கிறார்கள். அப்போது கிணற்றடியில் நின்று பார்த்தால் வெள்ளை மணலுக்கு மேல் பச்சைப் பாத்திகள் கோடு போட்டதுபோல் கிடக்கும். பின்னேரக் காற்றில் வெங்காயத் தாளின் வாசமும் கருவாட்டு வாசமும் சேர்ந்து வரும். முதல் வருடம் எனக்கு அது தலையிடி தந்தது. இப்போது எங்கேயாவது அந்த இரண்டும் சேர்ந்து மணத்தால் நின்றுவிடுகிறேன்.

தோட்டத்து மூலையில் எங்கள் வீடு. கிடுகு வேலிக்கு அந்தப் பக்கம் மதினியின் வீடு. மதினி என் கணவரின் மூத்த சகோதரி. பிள்ளைகள் கல்யாணம் முடித்துப் போன பிறகு தனியாக இருந்தார். அவர்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாக இந்தக் கரையிலேயே இருப்பவர்கள். நான் அப்படியில்லை. மன்னாரில் பிறந்தவள். தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எல்லாரையும் இயக்கம் வெளியேறச் சொன்னபோது எனக்குப் பதினொரு வயது. பிறகு வளர்ந்தது புத்தளத்துக் கரைத்தீவில், முதலில் முகாமிலும் பிறகு ஓலை வீட்டிலும். கல்யாணம் முடித்துத்தான் இந்தப் பக்கம் வந்தேன்.

அந்தத் தோட்டத்தின் பெரிய தொல்லை கழுதைகள். கட்டாக்காலியாகத் திரிகிறவை. பொழுது படுகிற நேரத்தில் ஐந்தாறு சேர்ந்து வரும். வேலியில் உக்கின கிடுகு எங்கே இருக்கிறது என்று எங்களைவிட அவைகளுக்குத் தெரியும். தின்பது கொஞ்சம், மிதிப்பதுதான் அதிகம். அதனால் வெங்காயம் நட்ட கையோடு கணவர் பள்ளிவாசல்துறைக்குப் போய், கருவாடு காய வைக்கும் வாடியொன்றிலிருந்து நாயொன்றைக் கயிற்றில் கட்டிக் கொண்டுவந்தார். தவிட்டு நிறம். ஒரு காது பாதிதான் இருந்தது.

மதினி அதைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்துப் போர்த்துக்கொண்டு நாலடி பின்னுக்குப் போனார். வானத்து மலக்குகள் வராத வீடாக்கப் போகிறாயா என்று தம்பியைக் கேட்டார். பயிர்க் காவலுக்கு நாய் வைக்கலாம் என்று பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் கேட்டுவிட்டுத்தான் கொண்டுவந்தேன் என்றார் கணவர். அப்படியென்றால் சரி என்று மதினி சட்டங்கள் போட்டார். நாய் கிணற்றடியைத் தாண்டி வீட்டுப் பக்கம் வரக் கூடாது. அதன் பாத்திரம் குசினிக்குள் வரக் கூடாது. அதன் வாய் எங்கள் பாத்திரத்திலோ உடம்பிலோ பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கரைத்த தண்ணீரால். இதெல்லாம் எனக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் மதினி சொல்லும்போது புதிதாகக் கேட்பதுபோல் தலையாட்டினேன்.

அதற்கு நாங்கள் பெயர் வைக்கவில்லை. நாய் என்போம், இல்லாவிட்டால் அது என்போம். கைப்பிடி உடைந்த பழைய அலுமினியத் தாச்சியை அதற்கென்று ஒதுக்கினேன். பூவரச மரத்தடியில் ஒரு தட்டையான முருகைக்கல் கிடந்தது. அதற்கு மேல் தாச்சியை வைத்து, பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து சோறும் மீன் ஆணமும் குழைத்துப் போடுவேன்.

அது சாப்பிட்டதைச் சாப்பிட்டது என்று சொல்ல முடியாது. தாச்சிக்குள் தலையை விட்டால் கல்லில் தாச்சி கடகடவென்று ஆடும். அந்தச் சத்தம் நிற்பதற்குள் சோறு இல்லை. நான் வாளியை எடுத்துக்கொண்டு திரும்பி நாலு எட்டு வைக்க முன்னம் எல்லாம் முடிந்துவிடும். பிறகு வயிறு பறை மாதிரி ஊதிக்கொண்டு நிற்கும். கொஞ்ச நேரத்தில் அப்படியே வாந்தி எடுக்கும். எடுத்ததை மறுபடி தின்னும். தின்றுவிட்டு மரத்தடியில் சரிந்து படுத்து முனகும். மஃரிபுக்குப் பாங்கு சொல்கிற நேரம், கழுதைகள் வருகிற நேரம், அது எழும்பவே மாட்டாது.

ஒருநாள் அப்படித்தான் கிணற்றுக்கு வடக்கே இரண்டு பாத்தி துவம்சமாகிவிட்டது. அடுத்த நாள் ஹாஜியார் வந்து பார்த்தார். ஏசவில்லை. அவர் ஏசுகிற மனிதர் இல்லை. இந்த நாய் சாப்பிடுவதற்கு மட்டும்தான் சரி, கொண்டுபோய் விட்டுவிட்டு வேறு ஒன்றைப் பாருங்கள் என்றார். வெங்காயம் பிடுங்குகிற வரைக்கும் பார்ப்போம் ஹாஜியார் என்று கணவர் கேட்டுக்கொண்டார். அதுவரைக்கும்தான் என்றார் அவர்.

வாடிக்குத் திரும்பிப் போனால் அது உயிரோடு இராது என்று கணவர் சொன்னார். அங்கே மீன் தலையும் குடலும் கொட்டுகிற இடத்தில் இருபது முப்பது நாய்கள். இதன் இடத்தை வேறொன்று பிடித்திருக்கும். கடித்தே கொன்றுவிடும். அந்தப் பாதிக் காதும் அங்கே போனதுதான். அதனால் இந்த நாய்க்கு மெதுவாகச் சாப்பிடப் பழக்க வேண்டும். இல்லாவிட்டால் அது சாக வேண்டும். அதைப் பழக்குகிற வேலை சோறு போடுகிற எனக்கு வந்தது.

ஏன் அது அப்படிச் சாப்பிடுகிறது என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரத் தேவையில்லை. முகாமில் பெரிய கிடாரத்தில் சோறு காய்ச்சுவார்கள். பிள்ளைகள் கோப்பையை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்போம். முதலில் தின்று முடித்தவர்கள் மறுபடி வரிசையில் போய் நிற்கலாம். பிந்தினவர்களுக்குக் கிடாரத்தின் அடி சுரண்டுகிற சத்தம்தான். நான் மெலிந்தவள், தள்ள மாட்டேன், கேட்க மாட்டேன். ஆனால் கெதியாகத் தின்பேன். உம்மா பார்த்துக்கொண்டே இருப்பா, ஒன்றும் சொல்ல மாட்டா.

அந்தப் பழக்கம் போகவில்லை. கல்யாணம் முடித்து வந்த புதிதில் மௌத்தானவருக்கு ஓதுகிற ஒரு கத்தம் வீட்டில் மதினியோடும் வேறு நாலு பெண்களோடும் ஒரு சஹனில் உட்கார்ந்தேன். ஆறு பேர் ஒரே தட்டில் சாப்பிடும்போது அவரவர் பக்கத்தில் அவரவர் பங்கு. மற்றவர்கள் கறியைப் பிசைந்துகொண்டிருக்கும்போதே என் பக்கம் தட்டின் அடி தெரிந்துவிட்டது. எனக்கே தெரியாமல் முடித்திருந்தேன்.

"முகாம் முடிஞ்சு போச்சு புள்ள," என்றார் மதினி. "இங்க ஆரும் பறிக்க மாட்டாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து நான் மதினிக்கு முன்னால் சாப்பிட்டதில்லை. விருந்து வீடுகளில் பரிமாறிக்கொண்டே திரிவேன், கடைசியில் குசினிக்குள் நின்றபடி ஏதாவது அள்ளிப் போட்டுக்கொள்வேன். வருடக்கணக்காக அப்படித்தான்.

நாய்க்கு முதலில் ஒரு கல் வைத்தேன். பிடியளவு முருகைக்கல்லைத் தாச்சிக்கு நடுவில் வைத்துச் சுற்றிவரச் சோற்றைப் போட்டேன். முதல் நாள் கல்லைச் சுற்றிச் சுற்றித் தின்றது. கொஞ்சம் தாமதித்தது. இரண்டாம் நாள் காலால் கல்லைத் தட்டி வெளியே எறிந்துவிட்டது. பிறகு சோற்றை மணலில் பரவலாகப் போட்டுப் பார்த்தேன். மணலோடு சேர்த்துத் தின்றுவிட்டு விடியவிடிய இருமியதாகக் கணவர் சொன்னார்.

மூன்றாவதாக வலை. கிழிந்த நைலோன் வலைத் துண்டொன்றைத் தாச்சிக்கு மேல் இறுக்கிக் கட்டினேன், கண்களுக்குள்ளால் கொஞ்சம் கொஞ்சமாக நக்கித் தின்னட்டும் என்று. நாயின் பல் வலையில் மாட்டிக்கொண்டது. அது பயந்து, வலையையும் தாச்சியையும் இழுத்துக்கொண்டு பாத்திகளுக்கு மேலால் ஓட, பின்னால் கணவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட, கழுதைகள் மிதித்ததைவிட அதிகமாக அன்றைக்கு மிதிபட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் மதினி சிரித்துச் சிரித்து நிலத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"சோத்துக்குள்ள மீன் பிடிக்கப் போனியா புள்ள," என்று கேட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

நானும் சிரித்தேன். அவரோடு சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை என்று பிறகுதான் நினைத்தேன்.

அதன் பிறகுதான் அந்த யோசனை வந்தது. நட்டு மிஞ்சின விதை வெங்காயம் ஒரு சாக்கில் சுவரோரம் கிடந்தது. பொடி வெங்காயம், கோலிக்குண்டு அளவு. எங்களுக்கு அந்தக் காலத்தில் வெங்காயம் என்பது மணல் மாதிரி. அடுப்பங்கரையில், முற்றத்தில், கட்டிலுக்குக் கீழேகூட இருக்கும். ஒரு பிடி அள்ளித் தோலோடு சோற்றுக்குள் கலந்து போட்டேன். நாய்க்கு வெங்காயம் பிடிக்காது. ஒவ்வொன்றையும் மூக்கால் ஒதுக்கி ஒதுக்கி, நடுவில் இருக்கிற சோற்றைப் பொறுக்கித் தின்றது. கடகடச் சத்தம் இல்லை. நான் தண்ணீர் அள்ளி, வாளியை வைத்து, தொழுகைக்கு வுழூச் செய்து முடிக்கிற வரைக்கும் தின்றுகொண்டிருந்தது. வாந்தி எடுக்கவில்லை. மஃரிப் நேரம் வேலியோரம் நின்று குரைத்தது.

தாச்சியில் மிஞ்சின வெங்காயத்தில் நாயின் வாய் பட்டிருக்கும். அதைத் தொட்டு எடுக்க முடியாது. அதனால் தடியால் கவிழ்த்துக் கொட்டிவிட்டு ஒவ்வொரு நாளும் புதிதாக ஒரு பிடி போட்டேன். இல்லாத சாமான் என்றால் யோசித்திருப்பேன்.

கணவர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். மதினி பக்கத்துத் தோட்டத்துப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து வேலிக்கு மேலால் காட்டினார். ஹாஜியார்கூட ஒரு பின்னேரம் வந்து நின்று பார்த்துவிட்டு இது யாருடைய மூளை என்று கேட்டார். கணவர் வீட்டுப் பக்கம் கையைக் காட்ட, நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். ஆனால் அங்கே நின்று எல்லாவற்றையும் கேட்டேன். அந்த வீட்டுக்கு வந்த காலத்திலிருந்து என்னை ஒருவர் மெச்சிக் கதைத்தது அதுதான் முதல். எனக்கு அது பிடித்திருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் மீதியைச் சொல்வதில் நியாயமில்லை.

ஒரு கிழமைக்குப் பிறகு தாச்சியில் வெங்காயம் மிஞ்சவில்லை. மீன் ஆணம் ஊறி ருசிப்பட்டிருக்க வேண்டும். நாய் அதையும் கடித்துத் தின்னத் தொடங்கியிருந்தது. வீணாகப் போகவில்லையே என்று நான் சந்தோஷப்பட்டேன். தின்றுவிடுகிறதே, மறுபடி கெதிப்படுமோ என்று இன்னும் அரைப்பிடி கூட்டிப் போட்டேன். அது கெதிப்படவில்லை. முந்தியைவிட மெதுவாகவே தின்றது. ஒரு வாய் எடுத்துவிட்டுத் தலையைத் தூக்கி எங்கேயோ பார்க்கும். பிறகு இன்னொரு வாய்.

"மாப்பிள்ள முத நாள் பொண்ணு வீட்டுல தின்னுற மாதிரியெல்லோ தின்னுது," என்றார் மதினி.

உண்மையில் அப்படித்தான் இருந்தது. வெட்கப்பட்டு, தயங்கித் தயங்கி. நான் பெருமையோடு பார்த்துக்கொண்டு நின்றேன். அது வேலியோரம் போவதைவிட்டு மரத்தடியிலேயே இருந்து குரைக்கத் தொடங்கியதும், கிணற்றடிக்கு நடந்து வர மூச்சு வாங்கியதும் என் கண்ணில் படாமல் இல்லை. பட்டது. தோட்டத்துக்குப் பழகிவிட்டது, சாந்தமாகிவிட்டது என்று நினைத்தேன்.

பிறகு ஒருநாள் சோற்றை மணந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. அடுத்த நாள் காலையில் பூவரச மரத்தடி மணலில் அது மூத்திரம் பெய்த இடம் தேத்தண்ணீர் ஊற்றினதுபோல் சிவந்து கிடந்தது. எங்கள் பக்கத்து மணல் வெள்ளை வெளேரென்று இருக்கும். அதனால் நன்றாகத் தெரிந்தது. கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குந்தியிருந்து பார்த்துவிட்டுப் போய், ஹாஜியாரின் லேண்ட்மாஸ்டர் உழவு மெஷினைக் கேட்டு எடுத்துக்கொண்டு வந்தார். அதன் பின்பெட்டியில் சாக்கு விரித்து நாயைக் கிடத்தினோம். அது எழும்பப் பார்க்கவேயில்லை.

மிருக வைத்தியர் ஒரு சிங்களப் பெண்பிள்ளை. சிலாபத்துப் பக்கம் என்று சொன்னா. தமிழ் ஓரளவு கதைப்பா. நாயின் உதட்டை விரலால் தூக்கிக் காட்டினா. பல் முரசு கடதாசி மாதிரி வெள்ளையாக இருந்தது. இரத்தம் இல்லை என்றா. என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்று கேட்டா. சோறும் மீனும் என்றார் கணவர். எலி மருந்து ஏதாவது வைத்தீர்களா என்று கேட்டா. இல்லை. பயிருக்கு அடிக்கிற மருந்து? அது அறைக்குள் பூட்டியிருக்கிறது. வேறு என்ன, யோசித்துச் சொல்லுங்கள் என்றா.

எனக்குத் தெரிந்த வேறு ஒன்றும் இல்லை, வெங்காயத்தைத் தவிர. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. படித்த பிள்ளைக்கு முன்னால், சோற்றுக்குள் வெங்காயம் போட்டு நாய்க்கு மரியாதை பழக்கினேன் என்று எப்படிச் சொல்வது? சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மேசைக்கு மேல் நாயின் வயிறு மெல்ல மெல்ல ஏறி இறங்கியது.

"வெங்காயம் போட்டனான்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். எதற்குப் போட்டேன், எத்தனை நாள் போட்டேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை.

"அக்கா, வெங்காயம் நாய்க்கு நஞ்சு," என்றா. "ஒரு நாள் ரெண்டு நாள்ல தெரியாது. உள்ள ரத்தம் உடைஞ்சு போகுது. மெதுவா சாப்பிட்டது பழகி இல்ல. ஏலாமப் போய்த்தான்."

ஊசி போட்டா. ஈரல் கொடுக்கச் சொன்னா, கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. தின்னத் தொடங்கினால் பிழைக்கும், தின்னாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது என்றா. திரும்பி வருகிற வழியெல்லாம் ரோட்டின் இரண்டு பக்கமும் வெங்காயம்தான். கணவர் லேண்ட்மாஸ்டரின் பிடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடியே வந்தார். வீட்டுக்குக் கிட்ட வந்த பிறகுதான் சொன்னார்: "நாங்க மூணு நேரமும் அதத்தானே தின்னுறோம். ஆருக்குத் தெரியும்."

மதினி நம்பவேயில்லை. வெங்காயம் நஞ்சென்றால் கற்பிட்டியில் ஒரு மனிதர் மிஞ்சியிருக்க மாட்டார் என்றார். ஆனாலும் அடுத்த நாள் காலையில் அவருடைய வாசலில் காயப் போட்டிருந்த வெங்காயப் பிடிகளை எடுத்து, நாய் கிடக்கிற பக்கம் இல்லாமல் மறுபக்கத்தில் கட்டியிருந்ததைக் கண்டேன்.

மிஞ்சின விதை வெங்காயச் சாக்கை நான் தூக்கிக்கொண்டு போய்த் தோட்டத்துக்கு வெளியே கொட்டினேன். பிறகு சிரட்டையொன்றில் நீளத் தடி கட்டி ஓர் அகப்பை செய்தேன், நாயின் வாய் என் கையில் படாமல் இருக்க. ஈரலை அவித்து, பொடியாக வெட்டி, அவித்த தண்ணீரோடு அந்த அகப்பையில் கொஞ்சம் எடுத்து அதன் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோவேன். அது கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்ளும். காலையில் ஒரு தடவை, லுஹருக்குப் பிறகு ஒரு தடவை, அஸருக்குப் பிறகு ஒரு தடவை. கவிழ்த்துவைத்த வாளிக்கு மேல் உட்கார்ந்துகொண்டு காத்திருப்பேன்.

இரண்டாம் நாள் அகப்பையின் ஓரத்தை நக்கியது. மூன்றாம் நாள் இரண்டு துண்டு. அவ்வளவுதான். வெங்காயத் தாள் சரியத் தொடங்கிவிட்டது. பிடுங்குகிற நாள் கிட்ட வந்துவிட்டது. நாய் எழும்பாவிட்டால் ஹாஜியாருக்கு வேறு நாய் பார்க்கத் தேவை வரும், ஆனால் இதை வாடிக்குக் கொண்டுபோகத் தேவையிருக்காது என்று எனக்குத் தெரியும்.

எங்கள் வீட்டில் அதுவரை ஒவ்வொரு பின்னேரமும் கேட்ட சத்தம் ஒன்று இல்லாமல் போயிருந்தது. கல்லில் தாச்சி ஆடுகிற கடகடச் சத்தம். அதை நிறுத்தத்தானே கல்லும் வலையும் வெங்காயமும் வைத்தேன். இப்போது அந்த வாளிக்கு மேல் உட்கார்ந்து காற்றைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, கெதியாகத் தின்னு, எப்படியாவது தின்னு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். முகாமில் உம்மா ஏன் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தா என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அந்த நாட்களை நினைக்கும்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஏன் என்று தெரியவில்லை. பயந்துகொண்டிருந்த நாட்கள்தான். ஆனால் பூவரச மரத்தின் நிழல் நீண்டுகொண்டே வந்து என் காலைத் தொடும். கணவர் குழாயை இழுத்துக்கொண்டு கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் அடிப்பார். மகள் படித்ததை உரத்துச் சொல்லுவாள். நான் அகப்பையை நீட்டிக்கொண்டு சும்மா இருப்பேன். அதற்கு முன்னும் பின்னும் நான் அவ்வளவு நேரம் ஓரிடத்தில் உட்கார்ந்திருந்ததில்லை. மூன்றாம் நாள் என் தேத்தண்ணீரையும் பாணையும் அங்கேயே கொண்டுபோய், நாய்க்கு ஒரு அகப்பை நீட்டுவதும் நான் ஒரு கடி கடிப்பதுமாக இருந்தேன். அரைவாசிப் பாண் தின்ன அஸரிலிருந்து மஃரிப் வரைக்கும் போனது.

வேலிக்கு மேலால் மதினி பார்த்துக்கொண்டிருந்ததை நான் காணவில்லை. எப்போதிலிருந்து பார்த்தார் என்றும் தெரியாது. நான் நிமிர்ந்தபோது அவர் உள்ளே போய்விட்டார்.

ஆறாம் நாள் அஸருக்குப் பிறகு ஈரலோடு கொஞ்சம் சோறும் சேர்த்துத் தாச்சியில் போட்டு, வழக்கம்போல் அகப்பையால் கிளறிக்கொண்டிருந்தேன். நாய் முன்னங்காலை ஊன்றி எழும்பியது. பின்னங்கால் ஆடியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தலையைத் தாச்சிக்குள் விட்டது. கல்லில் தாச்சி ஆடியது. கடகட, கடகட. அகப்பையை எடுக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. சோறு முடிந்து, ஈரல் முடிந்து, தாச்சியின் அடி மினுங்கி, அதுவும் போதாதென்று அகப்பையைப் பிடித்திருந்த என் கையை மணிக்கட்டு வரைக்கும் நக்கியது. அந்த நாக்கு சூடாகவும் சொரசொரப்பாகவும் இருந்தது. நான் கையை இழுக்கவில்லை. இழுத்திருக்க வேண்டும். இழுக்கவில்லை.

"பழைய ஷைத்தான் வந்துட்டான் போல," என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. தாச்சிச் சத்தம் மதினிக்கும் கேட்டிருக்கிறது.

அவர் படலையைத் திறந்துகொண்டு வந்தார். நான் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிணற்றடியில் நின்றேன். அழுதுகொண்டிருந்தேன், துடைக்க மற்றக் கைதான் இருந்தது. அவர் என் கையைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். ஏசப் போகிறார் என்று நினைத்தேன். அவர் வாளியில் தண்ணீர் அள்ளினார். குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிச் சிரட்டையில் கரைத்தார்.

"நீட்டு," என்றார்.

நீட்டினேன். முதலில் மண் தண்ணீரை ஊற்றித் தேய்க்கச் சொன்னார். பிறகு நல்ல தண்ணீர். ஒவ்வொரு தடவையும் வாய்விட்டு எண்ணினார், சின்னப் பிள்ளைக்கு எண்ணுவதுபோல. ஏழு வந்ததும் தன் முந்தானைத் தலைப்பால் என் கையைத் துடைத்துவிட்டார்.

"அது கெதியாத் தின்னட்டும்," என்றார். "நீ கொஞ்சங் கொஞ்சமாப் போடு. அவ்வளவுதானே." பிறகு படலைக்குப் போய்விட்டுத் திரும்பி நின்றார். "ராவைக்கு எனக்கிட்ட வந்து சாப்பிடு புள்ள. கீரி மீன் பொரிச்சிருக்கன். குசினிக்க நிண்டு தின்ன விட மாட்டன், சொல்லிட்டன்."

போனேன். ஒரே தட்டில்தான் போட்டார். முதலில் முடித்தது நான்தான். அவர் தன் பக்கத்திலிருந்து ஒரு மீனை என் பக்கம் தள்ளிவிட்டார்.

மறுநாள் காலையில் வெங்காயம் பிடுங்க ஆட்கள் வந்தார்கள். பின்னேரம் நாய்க்குச் சோற்றை ஒன்பது அகப்பையாகப் போட்டேன். மஃரிப் நேரம் வடக்குப் பக்க வேலியில் இரண்டு கழுதைகள் வந்து நின்றன. நாய் போய்க் குரைத்தது. கழுதைகள் போய்விட்டன.